ஊர்க் கல்யாணமும் இங்கிலாந்துப் பள்ளி விடுப்பும்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருப்பவர்களுக்கு இது. ஊரில் லீவ் லெட்டர் கொடுத்துவிட்டால் விடுப்பு எடுத்த மாதிரிதான். இங்கே அது வெறும் விண்ணப்பம். தலைமையாசிரியர் சரி என்றால்தான் விடுப்பு. அதுவும் அபூர்வமான காரணத்துக்குத்தான் கிடைக்கும். டிக்கெட் மலிவு என்பது காரணமே அல்ல.

காலை ஒன்று, மதியம் ஒன்று என ஒரு நாளுக்கு இரண்டு வருகைப்பதிவு. பத்துப் பள்ளி வாரங்களுக்குள் பத்துப் பதிவு, அதாவது ஐந்து நாள், அனுமதியில்லாமல் விடுபட்டால் அபராதம் வரலாம். 2024 ஆகஸ்ட்டிலிருந்து தொகை 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இது ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 320. அதே பிள்ளைக்கு மூன்று வருடத்துக்குள் மறுபடியும் என்றால் எடுத்த எடுப்பிலேயே 160. மூன்றாம் முறை அபராதத்தோடு முடியாது, வழக்கு வரை போகலாம்.

நாங்கள் என் தங்கை கல்யாணத்துக்காகக் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஆறு பள்ளி நாள் முன்பே கிளம்பினோம். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியில் சொல்லிவிட்டோம். அவர்கள் கூப்பிட்டபோது என் போன் மதுரையில் அடித்தது. அபராதம் வந்தது, கட்டினோம். ஆனால் ஜனவரியில் வகுப்பில் எல்லாரும் லீவுக் கதை சொன்ன அன்று, சித்தி கல்யாணத்தில் ஆடிய என் பிள்ளை வாயே திறக்கவில்லை. ராத்திரி, "நான் என்னம்மா சொல்லணும்?" என்று அழுதாள். எங்கள் பொய்யை ஏழு வயதுப் பிள்ளை சுமந்திருக்கிறாள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

அப்புறம், ஊரில் தேதி குறிக்கும் முன்பே பேசிவிடுங்கள். இங்கே சம்மர் லீவு ஜூலைக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை. அதில் பாதி ஆடியில் போய்விடும். ஆகஸ்ட் 17 வாக்கில் ஆவணி பிறந்ததிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை கிடைக்கும் முகூர்த்தங்கள்தான் நமக்கு. என் தம்பி கல்யாணத்துக்கு அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஜோசியரிடம் அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே நாள் கேட்டு வாங்கிவிட்டார்.

துக்கம், பெற்றோரின் கடைசி நாட்கள் என்றால் தயங்காமல் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.