கிளைவ் சல்லிவன் குறித்த கட்டுரைக்கு உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். ரக்பி விளையாட்டின் ஒரு வகையான ரக்பி லீக்கின் வீரர் கிளைவ் சல்லிவனைப் பற்றித் தமிழில் ஒரு விரிவான கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடங்களில் தடைப்பட்டு நிற்கிறேன்.

1943இல் வேல்ஸின் கார்டிஃபில் பிறந்து, சிறுவயதில் கால்களில் பல அறுவைச் சிகிச்சைகளுக்கு உள்ளான அவர், பிறகு ராணுவத்தில் சேர்ந்து, இங்கிலாந்தின் ஹல் நகரில் ஒன்றுக்கொன்று போட்டியான இரு கழகங்களுக்கும் ஆடி, இரண்டு தரப்பு ரசிகர்களின் அன்பையும் பெற்றவர். பிரிட்டனின் தேசிய விளையாட்டு அணியொன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. 1972 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், பிரான்சின் லியோன் நகரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மைதானத்தின் பெரும்பகுதியைத் தனியே ஓடிக் கடந்து அவர் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி ஈட்டிய காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. ஆட்டம் 10-10 எனச் சமனில் முடிந்தாலும், முந்தைய சுற்றுப் புள்ளிகளின் அடிப்படையில் கோப்பை பிரிட்டனுக்குக் கிடைத்தது. 1985இல், 42 வயதிலேயே, புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதிப்பதை 'ட்ரை' என்றே எழுதலாமா, அல்லது வாசகருக்கு உடனே விளங்கும் தமிழ்ச் சொல் ஏதேனும் வழக்கில் உள்ளதா? ஹல் நகரில் வசிப்பவர் எவரேனும் இங்கிருந்தால், சல்லிவனின் பெயர் சூட்டப்பட்ட நெடுஞ்சாலையின் பெயர்ப்பலகையைப் படமெடுத்து அனுப்ப இயலுமா?