சாதஹள்ளி டோல் தாண்டியதும் சைக்கிள் க்ரூப்பில் இருந்து பின்தங்கிவிடுகிறேன், வேகத்தைத் தக்கவைப்பது எப்படி?

அல்சூர் ஏரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 5.30க்கு பெங்களூரு ஹெப்பாலில் கிளம்பி ஏர்போர்ட் ரோட்டில் தேவனஹள்ளி வரை போய்த் திரும்புகிற ஒரு சைக்கிள் க்ரூப்பில் மூன்று மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். போக வர கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். சமதளத்தில் மணிக்கு 32, 33 கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள். நான் தனியாக ஓட்டினால் 27, 28 வரும், அதை ஒன்றரை மணி நேரம் விடாமல் ஓட்டவும் முடியும். ஆகவே கால்களில் தெம்பே இல்லை என்று தோன்றவில்லை.

பிரச்சினை டோலில்தான். இடது ஓரமாக ஒவ்வொருவராக நுழைந்து வெளியே வருகிறோம் இல்லையா, நான் எப்போதும் கடைசி ஆள். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் முன்னால் இருப்பவரின் சிவப்பு விளக்கு இருபது மீட்டர் தள்ளிப் போயிருக்கும். எழுந்து நின்று மிதித்து எப்படியோ பிடித்துவிடுவேன், இதயத்துடிப்பு 178ஐத் தொடும், அடுத்து ஒரு சின்ன ஏற்றம் வந்தால் போதும், அந்தச் சிவப்புப் புள்ளி சிறிதாகிக்கொண்டே போய் மறைந்துவிடும். மீதி தூரம் தனியாகத்தான். போன வாரம் தேவனஹள்ளியில் பன்னிரண்டு நிமிடம் எனக்காகக் காத்திருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் மனதுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வயது 41. அலுமினிய ஃப்ரேம், 28 மில்லிமீட்டர் டயர், முன்னால் 50, 34 பல் சக்கரங்கள். கார்பன் வீல் வாங்கினால் சரியாகும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். வாங்கலாமா, இல்லை வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

எலஹங்கா சக்கரம்:

வீல் வாங்காதீர்கள் சார், இப்போதைக்கு. நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது: "நான் எப்போதும் கடைசி ஆள்." புதிதாக வருபவர்கள் எல்லோரும் மரியாதைக்காகக் கடைசியில் போய் நிற்கிறார்கள், நானும் முதல் ஒரு வருடம் அப்படித்தான் நின்றேன், ஆனால் க்ரூப்பிலேயே அதிகம் உழைக்க வேண்டிய இடங்களில் ஒன்று அது. பதினைந்து பேர் டோலுக்குள் வரிசையாக நுழைகிறார்கள் என்று வையுங்கள். முதல் ஆள் வெளியே வந்து 30ஐத் தொடும்போது நீங்கள் இன்னும் உள்ளே 15ல் இருக்கிறீர்கள். அவர் மெதுவாக வேகம் எடுத்தாலும் ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு மீட்டர் இரண்டு மீட்டர் கூடிக் கூடி, கடைசி ஆளுக்கு அது இருபது மீட்டர் ஆகிவிடும். அவர்கள் 33ல் போனால் நீங்கள் 38, 40 போனால்தான் பிடிக்க முடியும், அதுவும் காற்றில் தனியாக. இப்படி ஒரு ரைடில் ஐந்து தடவை நடந்தால் எந்தக் காலும் தாங்காது.

காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக (வேகம் x வேகம் x வேகம்) ஏறும். 28ல் இருந்து 32க்குப் போவது கேட்க நாலு கிலோமீட்டர்தான், ஆனால் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். முன்னால் ஒருவர் இருந்து நீங்கள் அவர் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் உங்கள் உழைப்பில் கால் பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். அதாவது தனியாக 28 ஓட்டுகிற உங்களுக்கு க்ரூப்புக்குள் 32 எட்டாத வேகமே இல்லை. அந்த மறைவை விட்டு வெளியே வராமல் இருந்தால் போதும்.

டோலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே, வேகம் சீராக இருக்கும்போது, நாலாவது ஐந்தாவது இடத்துக்கு வந்துவிடுங்கள். உள்ளே நுழையும்போதே கியரைக் குறைத்துவிடுங்கள். பின்னால் 14 பல் சக்கரத்தில் போட்டு இறுக்கி மிதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், 33ல் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 72 சுற்றுதான். 17ல் போட்டால் அதே வேகத்துக்கு ஏறக்குறைய 88 சுற்று. மூச்சு கொஞ்சம் கூடும், ஆனால் தொடை பிழைக்கும், திடீரென்று வேகம் எடுக்கும்போது கால் உடனே பதில் சொல்லும்.

ஞாயிறு காலை:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. சாப்பாட்டை யாரும் கேட்கவில்லையே? காலையில் வெறும் காபி குடித்துவிட்டு வருகிறீர்களா அண்ணா? எனக்கு அதுதான் நடந்தது, ஒரு மணி நேரம் தாண்டினதும் கால் காலியாகிவிடும், நான் பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக ஓட்டினேன். இப்போது கிளம்பும் முன் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, அப்புறம் நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஏதாவது. ஜெர்சி பையில் கடலை மிட்டாயை நாலு துண்டாக உடைத்து வைத்துக்கொள்வேன். பசி வந்த பிறகு சாப்பிட்டால் பயன் குறைவு.

இன்னொன்று, வாரத்தில் ஒரு நாள் மட்டும், செவ்வாய் அல்லது புதன், நாலு நிமிடம் நன்றாக மூச்சு வாங்க ஓட்டி மூன்று நிமிடம் ஆறுதலாக ஓட்டுங்கள், இப்படி நாலு முறை. நான் ஹெசரகட்டா பக்கம் போய்ச் செய்கிறேன், காலையில் லாரி குறைவு. எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம் போதும், தினமும் 28ல் அடித்தால் உடம்பு தேறாது.

பழைய ஸ்டீல் ஃப்ரேம்:

ஒட்டிப் போங்கள் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறீர்கள், எனக்கு அதில் ஒரு பயம் உண்டு, சொல்லியே ஆக வேண்டும். மூன்று வருடம் முன்பு என் முன்சக்கரம் முன்னால் போனவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் ஏறி நின்றது, எனக்கே தெரியாது, சைக்கிள் கம்ப்யூட்டரில் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு குழிக்காக வலது பக்கம் விலகினார். இரண்டு டயரும் உரசுகிற அந்த "ஸ்ஸ்" சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னால் இருப்பவன்தான் விழுவான். காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தேன்.

அதனால் ஆரம்பத்தில் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள், அதிலும் காற்று மறைவு நன்றாகவே கிடைக்கும். சக்கரத்தையே பார்க்காதீர்கள், அவர் தோளுக்கு மேலாக முன்னால் போகிறவர்களைப் பாருங்கள். ஏரோபாரில் (ஹேண்டிலுக்கு முன்னால் நீட்டியிருக்கும் கம்பி) கை வைத்திருப்பவர் பின்னால் போகவே போகாதீர்கள்.

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த ரோட்டில் ஓட்டினால் புரியும். ஆனி, ஆடியில் இங்கே மேற்கில் இருந்து அடிக்கும், நாம் வடக்கே போகிறோம், அதாவது போகும்போது இடது பக்கத்தில் இருந்து. அப்போது நேர் பின்னால் மறைவு இல்லை, கொஞ்சம் வலது பக்கம் தள்ளித்தான் இருக்கும். ஆனால் வலது பக்கம் வண்டிகள் வரும், ஒரு ஹேண்டில்பார் அகலத்துக்கு மேல் நகர வேண்டாம். திரும்பும்போது காற்று வலது பக்கம், மறைவு இடது பக்கம். முன்னால் போகிறவர் ரோட்டின் விளிம்பிலேயே ஓட்டினால் பின்னால் இருப்பவர்களுக்கு ஒதுங்க இடமே இருக்காது, எல்லோரும் காற்றைத் தின்றுகொண்டு வருவார்கள். இதை க்ரூப்பில் கேளுங்கள், அரை மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அல்சூர் ஏரிக்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. முதல் வாரம் டோலுக்கு முன் நாலாவது ஆளாக நுழைந்தேன், 17ல் போட்டு. வெளியே வந்தபோது முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்கும் எனக்கும் இரண்டு மீட்டர்தான். உட்கார்ந்தபடியே பிடித்துவிட்டேன், இதயத்துடிப்பு 160ஐத் தாண்டவில்லை, எனக்கு நம்பவே முடியவில்லை. தேவனஹள்ளி வரை கூடவே போய் டீக்கடையில் எல்லோரோடும் நின்று டீ குடித்தேன், மூன்று மாதத்தில் முதல் முறை. இரண்டாவது வாரமும் அப்படியே. போன வாரம் திரும்பும்போது வலது பக்கக் காற்றில் க்ரூப்பை விட்டு மறுபடி கழன்றேன், ஸ்டீல் ஃப்ரேம் அண்ணா சொன்னது அப்படியே நடந்தது, அடுத்த வாரம் கேட்கப் போகிறேன். வெறும் காபி விஷயமும் உண்மைதான் தம்பி, இப்போது இட்லி.

ஒரு சந்தேகம். இடம் மாறி மாறி நான் முன்னால் வரும் முறை வந்தால் பயமாக இருக்கிறது. முன்னால் போய்விட்டுப் பின்னால் வரும்போதே கழன்றுவிடுகிறேன்.

எலஹங்கா சக்கரம்:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது சார். முன்னால் வந்ததும் வேகத்தைக் கூட்டாதீர்கள், இருந்த 32லேயே அரை நிமிடம் ஓட்டிவிட்டுக் கையைக் காட்டி விலகுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், பலம் உள்ளவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார்கள், அவ்வளவுதான். வரிசை உங்களைத் தாண்டிப் போகும்போது மிதிப்பதைத் தளர்த்துவீர்கள், சரி, ஆனால் கடைசி ஆள் தாண்டிய பிறகு மிதிக்க ஆரம்பித்தால் ஏற்கெனவே மூன்று மீட்டர் போயிருக்கும். கடைசி ஆளின் முன்சக்கரம் உங்கள் முழங்காலுக்கு நேரே வரும்போதே அழுத்தத் தொடங்குங்கள். கடைசி ஆள் யார், அவர் ஜெர்சி என்ன நிறம் என்று கிளம்பும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.