பபேசியா: மருந்து முடிந்த பிறகும் அன்டிபொடி டெஸ்ட் பொசிட்டிவ், திரும்ப மருந்து கொடுக்கவேண்டுமா?

வெள்ளவத்தைக்காரன்:
வணக்கம். நாலு வயது நாய், 18 கிலோ. காய்ச்சலும் இரத்தச்சோகையுமாக இருந்தது. ஸ்மியரில் (ஸ்லைடில் பூசிப் பார்த்த இரத்தத்தில்) பபேசியா கிப்சோனி, உண்ணியால் பரவிச் செங்குழியத்துக்குள் வாழும் ஒட்டுண்ணி என்று சொன்னார்கள். அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் 10 நாள் கொடுத்து முடிந்தது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது, பிசிவி (இரத்தத்தில் செங்குழியங்களின் வீதம்) 24இலிருந்து 39க்கு ஏறிவிட்டது. ஆனால் நோயின்போது 1:320 ஆக இருந்த, ஐஎஃப்ஏ முறையில் பார்த்த அன்டிபொடி (பிறபொருளெதிரி), மருந்து முடிந்து ஐந்து கிழமைக்குப் பிறகு 1:640. இரட்டித்திருக்கிறதே, நோய் திரும்பிவிட்டதா? கிளினிக்கில் செய்த உண்ணிக் காய்ச்சல் கிட்டோ நெகட்டிவ். எதை நம்புவது? தெரிந்தவர் ஒருவருடைய நாய்க்கு இரத்தம் தேவைப்படுகிறது, இதனிடம் எடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

மிருகவைத்தியர்_தெஹிவளை:
திரும்ப மருந்து வேண்டாம், குறைந்தபட்சம் இந்த இலக்கத்தை வைத்து வேண்டாம். அன்டிபொடி சொல்வது, இந்த உடல் பபேசியாவை எப்போதோ கண்டிருக்கிறது என்பதை மட்டும்தான். ஒட்டுண்ணி இப்போது இரத்தத்தில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. குணமான நாயிலும் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் நிற்கும். மருந்து வேலை செய்ததா என்று அன்டிபொடியை வைத்துப் பார்ப்பதே பிழையான வழி.

அதற்குரியது பிசிஆர், ஒட்டுண்ணியின் மரபணுவையே இரத்தத்தில் தேடும் டெஸ்ட். மருந்து முடித்து 60ஆம் நாள் ஒன்று, 90ஆம் நாள் ஒன்று; இரண்டும் நெகட்டிவ் என்றால் நிம்மதியாக இருக்கலாம். ஏன் இத்தனை நாள் என்றால், மருந்து ஒட்டுண்ணியை முழுதாக அழிக்காமல் பிசிஆருக்கும் எட்டாத அளவுக்கு அமுக்கி வைத்திருக்கக்கூடும். மிச்சமிருந்தால் அது திரும்பப் பெருக நேரம் கொடுக்கவேண்டும். ஐந்தாம் கிழமையில் வரும் நெகட்டிவை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் தடவை அட்டோவாகுவோன் கொடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒட்டுண்ணியின் சைட்டோகுரோம் பி மரபணுவில் மாற்றம் வந்தால் அந்த மருந்து பிறகு பிடிக்காது. முதல் தடவை கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தீர்களா? வெறும் வயிற்றில் அது சரியாக உறிஞ்சப்படாது. அளவு கிலோவுக்கு 13.3 மி.கி., எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மி.கி., நாளுக்கு ஒருமுறை. இரவு வேளையை விட்டிருந்தால் அதை உங்கள் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிட் விஷயம்: பெட்டியைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். பரவலாகப் பாவிக்கிற கூட்டுக் கிட்டுகள் இதயப்புழுவின் அன்டிஜன், உண்ணியால் பரவும் எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, லைம் நோய்களின் அன்டிபொடி ஆகியவற்றைத்தான் பார்க்கும். பபேசியா அதில் இல்லை. பபேசியாவுக்கெனத் தனிக் கிட்டும் உண்டு, ஆனால் அதுவும் அன்டிபொடிதான். ஆகவே உங்களுடைய இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஆய்வுகூட_ஆள்:
1:320க்கும் 1:640க்கும் இடையில் உள்ளது ஒரே ஒரு படி. ஐஎஃப்ஏயில் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) ஒவ்வொரு முறையும் பாதியாக ஐதாக்கி, ஒட்டுண்ணி உள்ள செங்குழியங்கள் ஒட்டிய ஸ்லைடில் விடுவார்கள். 37 பாகையில் அரை மணித்தியாலம் வைத்துக் கழுவி, நாயின் ஐஜிஜி அன்டிபொடியில் போய் ஒட்டும், ஒளிரும் சாயம் பூட்டிய எதிரியைச் சேர்த்து, மறுபடி கழுவி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. கடைசியாக எந்த ஐதாக்கலில் பச்சை ஒளி தெரிகிறதோ அதுதான் டைட்டர். "தெரிகிறது" என்று முடிவு செய்வது மனிதக் கண். ஒரே சீரத்தை ஒரே ஆள் நாளைக்குப் பார்த்தாலும் ஒரு படி மாறலாம். நான்கு மடங்கு, அதாவது 1:320 என்பது 1:1280 ஆனால்தான் கூடியிருக்கிறது என்று எடுப்போம். அதையும் இரண்டு சீரத்தையும் ஒரே நாளில், ஒரே ஸ்லைடுத் தொகுதியில் பார்த்தால் மட்டும். பழைய சீரம் −20 பாகையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இரண்டு ஆய்வுகூடத்து இலக்கங்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

மற்றப் பக்கமும் இருக்கிறது. தொற்றி முதல் 8-10 நாளில் அன்டிபொடி வராது. நோய் உச்சத்தில் இருக்கும் நாய்க்கு நெகட்டிவ் வரும். அதற்கு ஸ்மியர்தான் துணை. காதோரத்தைக் குத்தி முதல் துளியை எடுங்கள், மயிர்க்குழாய் இரத்தத்தில் ஒட்டுண்ணி கூடுதலாக இருக்கும். கொழும்புக் காற்றின் ஈரத்தில் ஸ்லைடு மெதுவாகக் காயும், செங்குழியத்துக்குள் ஒளிமுறிக்கும் குமிழிகள் தோன்றும். புதியவர்கள் அதை பபேசியா என்று எழுதிவிடுவார்கள். ஃபேனுக்கு முன்னால் ஆட்டிக் காயவையுங்கள், பிறகு மெதனோல். குழியத்தின் மேல் படிந்த சிறுதட்டும் (பிளேட்லெட்) ஏமாற்றும். அதைச் சுற்றி வெளிர் வளையம் இருக்கும், ஃபோக்கஸைத் திருகினால் குழியத்துக்கு மேல் தளத்தில் தனியாகத் தெரியும்.

வெள்ளவத்தைக்காரன்:
நன்றி. சாப்பாட்டோடுதான் கொடுத்தோம், ஆனால் கோழிக்கஞ்சி. பிசிஆருக்கு பேராதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டி வந்தால் எப்படி?

ஆய்வுகூட_ஆள்:
முதலில் தொலைபேசியில் கேளுங்கள், எந்த டெஸ்ட், எந்த நாளில் எடுப்பார்கள் என்று. ஊதா மூடி ஈடிடிஏ டியூபில் 2 மி.லீ., எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்க்கவேண்டும், குலுக்கக் கூடாது. பச்சை மூடி வேண்டாம். அதிலுள்ள ஹெப்பரின் பிசிஆரைத் தடுக்கும். குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகை. ஐஸ் பைக்கும் டியூபுக்கும் இடையில் பத்திரிகைத்தாளைச் சுற்றுங்கள், நேரே தொட்டால் இரத்தம் பனிக்கட்டியாக உறைந்து குழியங்கள் உடையும். பிசிஆர் சமாளிக்கும், ஆனால் அதே டியூபில் பிசிவியும் ஸ்மியரும் பார்க்கமுடியாது. திங்கள், செவ்வாயில் அனுப்புங்கள். போயா (பௌர்ணமி) விடுமுறையையும் நாட்காட்டியில் பாருங்கள், வெள்ளிக்கிழமை போன பெட்டி திங்கள்வரை சூட்டில் கிடக்கும்.

மிருகவைத்தியர்_தெஹிவளை:
கோழிக்கஞ்சியில் கொழுப்பு போதாது. அதனால் 60ஆம் நாள் பிசிஆரைக் கட்டாயம் செய்யுங்கள்.

இரத்தம் எடுக்கவே வேண்டாம், பிசிஆர் நெகட்டிவ் வந்தாலும். அன்டிபொடி டெஸ்டுக்கு உண்மையான பெறுமதி இருப்பது இரத்தம் கொடுக்கும் நாயைத் தெரிவதில்தான்: தொற்றைக் கண்ட நாய் என்று காட்டினால் அதை விலக்கிவிடுவது. மனிதரைத் தொற்றும் பபேசியா மைக்ரோட்டி விஷயத்தில் அமெரிக்காவில் 2019இலிருந்து 14 மாநிலங்களிலும் தலைநகரிலும் தானஇரத்தத்தை மரபணுச் சோதனையில் பார்க்கச் சொல்கிறார்கள், காரணம் இதே இரத்தமாற்றம்தான். நோயாளி நாய்க்கு அன்டிபொடி, பிசிஆர் இரண்டு டெஸ்டும் நெகட்டிவ் ஆன வேறொரு நாயைத் தேடச் சொல்லுங்கள்.

உண்ணி மாத்திரையை மாதம் தவறாமல் கொடுங்கள். உண்ணி இரண்டு மூன்று நாள் ஒட்டியிருந்து குடித்தால்தான் பபேசியா இறங்கும். ஆகவே காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழ் தினமும் தடவிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.