அரசு தந்த பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ் போடலாம்?

குமாரபாளையத்துக்காரி:
அனைவருக்கும் வணக்கம். அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. 2013இல் வந்தது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், 64 பிட் டூயல் கோர். விண்டோஸ் 7 திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. குரோம் புதுப்பிக்க மறுக்கிறது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். யூடியூபில் வகுப்பு பார்க்க வேண்டும், தமிழில் குறிப்பு எழுத வேண்டும், அவ்வளவுதான். கடையில் காட்டினால் எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்கள். இப்போது அதற்கு வசதியில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்றிருக்கிறேன். அதில் எந்த வகை சரிப்படும்?

ஏரிக்கரை:
பப்பி அல்லது ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகை. இரண்டும் மிகக் குறைந்த ரேமிலேயே ஓடும்.

பழையகணினி:
தங்கைக்கு வணக்கம். தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றைத் திறந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: எந்த லினக்ஸ் என்பது இரண்டாவது கேள்வி. முதலில் கவனிக்க வேண்டியது ஹார்டு டிஸ்க். பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு அது. உலாவியைத் திறந்தாலே சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி அதன் முள் அங்கும் இங்கும் ஓட வேண்டும். ரேம் நிரம்பியதும் மிச்சத்தையும் அதே தட்டில்தான் எழுதியாக வேண்டும். நீங்கள் காத்திருக்கும் நேரமெல்லாம் அங்கேதான் போகிறது. ப்ராசஸரைக் குறை சொல்லிப் பயனில்லை.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்று வாங்குங்கள், 120 ஜிபி தாராளம். முதலில் அண்ணனின் படங்களை நகலெடுத்து வையுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தால், பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே புதியது பொருந்தும். மூடும் முன் ரேம் ஸ்லாட்டையும் பாருங்கள். ஒன்று காலியாக இருந்தால் பழைய சந்தையில் 2 ஜிபி டிடிஆர்3 ரேம் தேடுங்கள். இருக்கும் ரேமின் ஒட்டுத்தாளில் பிசி3 என்றிருந்தால் பிசி3எல் வாங்கினாலும் ஓடும். பிசி3எல் என்றிருந்தால் அதையே வாங்குங்கள். வெறும் பிசி3 அதிக மின்னழுத்தம் கேட்கும்.

இனி லினக்ஸ். உங்களுக்கு லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைமுகப்போடு வரும் பதிப்பு. குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் கேட்கும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. 2029 வரை புதுப்பிப்பு வரும். ஆன்டிஎக்ஸை நானும் விரும்புகிறேன். 32 பிட் மட்டுமே ஓடும், இன்டெல் ஆட்டம் ப்ராசஸர் கொண்ட பழைய நெட்புக்குகளுக்கு (சிறு மடிக்கணினிகளுக்கு) அதைத்தான் போடுகிறேன். ஆன்டிஎக்ஸுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸே 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்போடு 32 பிட் நிறுவியைக் கைவிட்டுவிட்டது, அந்த இயந்திரங்களுக்கு நாதி குறைந்துகொண்டே வருகிறது. உங்களுடையது 64 பிட். தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில் அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வீடியோவுக்கு ஒரு வழி சொல்கிறேன். யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் அனுப்புகிறது. பழைய கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கு அவை தெரியாது. முழுச் சுமையும் ப்ராசஸர் தலையில் விழும், விசிறி இரையும். ஃபயர்ஃபாக்ஸில் எச்264இஃபை என்ற நீட்சியைச் சேர்த்தால் எச்.264 வடிவிலேயே வரும், சுமை குறையும். 480பியில் வைத்துப் பாருங்கள். கரும்பலகை எழுத்து படிக்க அது போதும்.

குமாரபாளையத்துக்காரி:
மிக்க நன்றி அண்ணா. எஸ்எஸ்டி மாற்றி, மின்ட் ஏற்றிவிட்டோம். இயந்திரம் சட்டென்று திறக்கிறது, அம்மாவே ஆச்சரியப்பட்டார்! ஆனால் வைஃபை பட்டியல் வரவில்லை. தமிழ்99 விசைப்பலகையையும் காணோம்.

பழையகணினி:
படிக்கும்போதே மகிழ்ச்சியாக இருக்கிறது. வைஃபை சில்லு பிராட்காமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் டிரைவரை (சில்லை இயக்கும் மென்பொருளை) தனியாக இறக்க வேண்டும். இணையம் இல்லாமல் எப்படி இறக்குவது என்று கவலைப்படாதீர்கள். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். மின்ட் உடனே இணையத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது காட்டும் பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

அதே இணைப்பில் தமிழில் தட்டச்ச உதவும் ஐபஸ், ஐபஸ்-எம்17என் மென்பொருள்கள் இரண்டையும் நிறுவுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும், ஐபஸ் விருப்பங்களில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99 இருக்கும். சூப்பர் விசையோடு (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஸ்பேஸ் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். வைஃபை வராவிட்டால் சில்லின் பெயரை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.