ஒரே ஊர்ப்பெயர், இரண்டு கோப்பு: நோட் ஜேஎஸ்ஸும் தூரச் சேமிப்பகமும், உங்கள் அனுபவம் என்ன?

கல்லடியிலிருந்து:

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கூத்துகளுடைய ஒலிப்பதிவுகளையும் கூத்து ஏடுகளின் ஸ்கேன்களையும் சேர்த்து வைக்கிறோம். வடமோடி, தென்மோடி இரண்டு பாணியும் உண்டு. மார்கழி மழையில் எந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாத ஊரில் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நம்பி இருக்க மனம் வரவில்லை. அதனால் எல்லாம் அமேசானின் இணையச் சேமிப்பகமான எஸ்3 இல், மும்பை ரீஜனில் இருக்கின்றன, முன்னால் ஒரு சின்ன நோட் ஜேஎஸ் (சேர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) சேர்வர் ஓடுகிறது. விடிய விடிய ஆடும் கூத்தை சுருக்காத டபிள்யூஏவி ஒலிக்கோப்பாக வைத்தால் நிமிடத்துக்குப் பத்து எம்பி அளவில் வரும், எனவே முழுக் கோப்பையும் மெமரிக்குள் இழுக்காமல் ஸ்ட்ரீமாகவே, துண்டு துண்டாக, அனுப்ப வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே படித்துக்கொண்டோம். அது பெரிய கதையில்லை.

பெரிய கதை இதுதான். காலமான ஒரு அண்ணாவியாரின் (கூத்துப் பழக்கும் ஆசிரியர்) மகன் போன் எடுத்தார். "தம்பி, லிஸ்டில அப்பாட பதிவு இருக்கு, அமத்தினா ஒண்டும் வருதில்ல." பார்த்தால் கொக்கட்டிச்சோலை என்று தொடங்கும் கோப்பு. சேர்வர் லாக்கில் 403. எஸ்3 இல் எங்கள் கோப்புகள் கிடக்கும் பக்கெட்டைத் திறந்து பார்த்தால் அதே பெயரில் கோப்பு அப்படியே இருக்கிறது. 403 என்றால் அனுமதிப் பிரச்சினைதானே என்று இரண்டு நாள் அனுமதி விதிகளான பாலிசியையே நோண்டிக்கொண்டிருந்தேன். கோப்பு இல்லையென்றால் 404 வரும் என்பது என் நினைப்பு. ஆனால் பக்கெட்டைப் பட்டியலிடும் அனுமதி இல்லாத ஒரு கணக்கு, அங்கே இல்லாத ஒரு கீயை (எஸ்3 இல் கோப்பின் பெயர்) கேட்டால் எஸ்3 சொல்வது 403 தான், அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட வெளியே விடாது. எங்கள் சேர்வருக்கு வாசிக்கும் அனுமதி மட்டும்தான் கொடுத்திருந்தேன். பட்டியல் அனுமதியைச் சேர்த்ததும் 404 என்று மாறியது. அப்போதுதான் விளங்கியது, நான் கேட்கிற பெயரும் அங்கே இருக்கிற பெயரும் வேறு வேறு.

கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஊர்ப்பெயரை மட்டும் வெட்டி எடுத்து ஜாவாஸ்கிரிப்ட்டில் நீளம் பார்த்தேன். டேட்டாபேஸில் இருந்தது 15, பக்கெட்டில் இருந்தது 17. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க வுக்குப் பிறகு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. 'சோ'வும் அப்படித்தான், அங்கே இரட்டைக் கொம்பும் காலும். ஒரே பெயருக்குள் இரண்டு இடம், அதனால் இரண்டு எழுத்தெண் கூடிவிட்டது. டேட்டாபேஸில் பெயரைப் போனில் தட்டியவர் ஒருவர். கோப்பை ஏற்றியது நான், ஒரு பழைய மேக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து. அந்தக் காலத்து எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். எஸ்3 பார்ப்பது பைட்டுகளை, ஒன்றில் 45, மற்றதில் 51. அதற்கு இரண்டும் இரண்டு ஊர்.

இப்போது வெளியிலிருந்து வரும் எந்தப் பெயரும் முதலில் நோர்மலைஸ் செய்து பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாறிய பிறகுதான் உள்ளே போகும். அதோடு, கீயில் தமிழ்ப் பெயரையே வைப்பதில்லை. கீ ஒரு யுயுஐடி (கணினி உருவாக்கும் தனித்த அடையாளக் குறி), பெயர் டேட்டாபேஸில். இடையில் பெயரைக் கோப்போடு சேர்த்து வைக்கும் மெட்டாடேட்டாவில் போடவும் பார்த்தேன், அது எச்டிடிபி ஹெடராக (கோரிக்கையின் தலைக்குறிப்பு) போவதால் தமிழ் எழுத்தைக் கண்டதும் நோட் பிழை எறிந்துவிட்டது.

அக்கரைப்பற்றிலிருந்து:

அண்ணன், உங்கட 403 ஐப் படிக்கும்போது என் 403 ஞாபகம் வந்தது. எனக்கு வில்லன் கடிகாரம். ஒரு அலுவலகத்துக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் சேர்வர் வைத்துக் கொடுத்தேன். ஆவணங்களுக்கு 15 நிமிடம் செல்லுபடியாகும் முன்கையொப்பமிட்ட லிங்க் (அனுமதி உள்ளேயே இருக்கும் தற்காலிக லிங்க்) கொடுக்கும், அவ்வளவுதான் வேலை. கரண்ட் போய் வந்தால் எல்லா லிங்க்கும் பிறக்கும்போதே காலாவதி. அந்தச் சின்னக் கணினியில் கடிகார பேட்டரி கிடையாது, கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்துதான் மறுபடி ஓடத் தொடங்கும். இன்டர்நெட் வந்ததும் நேரத்தை ஒத்துவைக்கும் என்டிபி திருத்தியிருக்க வேண்டும், ஆனால் அது பயன்படுத்தும் யுடிபி 123 போர்ட் அந்த ரவுட்டரில் அடைபட்டிருந்தது. ஒரு மணித்தியாலம் பின்னால் நிற்கிற கடிகாரம் போடும் கையொப்பம் எப்படிச் செல்லும்? போர்ட்டைத் திறந்துவிட்டேன், நேரம் ஒத்துப்போன பிறகுதான் சேர்விஸ் தொடங்கும்படியும் வைத்தேன். அது சரி, ஏற்கெனவே ஏற்றின கோப்புகளுக்குப் பெயர் எப்படி மாற்றினீர்கள்?

களுவாஞ்சிகுடியிலிருந்து:

என்னுடையது சின்னது. எஸ்3 ஐ அழைக்க அமேசான் தரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பான எஸ்டிகே வி3 இல் கோப்பைக் கேட்டால் பொடி (கோப்பின் உள்ளடக்கம்) ஸ்ட்ரீமாக வரும். நான் அளவை மட்டும் பார்த்துவிட்டு பொடியை வாசிக்காமல் விட்டுவிட்டேன். சாதாரண அமைப்பில் சாக்கெட் (ஒரே நேரத்தில் திறக்கும் இணைப்பு) 50 தான், வாசிக்காத ஒவ்வொன்றும் ஒரு சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டே நிற்கும். பிழை ஒன்றும் வராது, அப்படியே உறைந்துபோகும், ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் ஓடும். அளவு மட்டும் தேவை என்றால் உள்ளடக்கம் இல்லாமல் விவரத்தை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கை போதும்.

கல்லடியிலிருந்து:

அக்கரைப்பற்றுத் தம்பிக்கு: எங்களுடைய பக்கெட் வகையில் பெயர் மாற்றும் கட்டளை இல்லை. புதுக் கீக்கு காப்பி எடுத்து, அளவு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். எங்கள் கோப்பு ஒவ்வொன்றும் 5 ஜிபிக்குள் என்றபடியால் ஒரே காப்பிக் கட்டளையில் முடிந்தது, அதைத் தாண்டினால் பகுதி பகுதியாகத்தான் எடுக்க வேண்டும். காப்பியின் மூலப் பெயரை யுஆர்எல் குறியாக்கம் செய்து கொடுக்க மறக்க வேண்டாம், தமிழ்ப் பெயர் அங்கேயும் மாட்டும். முதலில் அண்ணாவியாரின் கோப்பைத்தான் மாற்றினேன். லிங்க்கை அனுப்பின அன்றிரவே மகன் போன் எடுத்தார். மத்தளம் தொடங்குவதற்கு முன்னால் அப்பா இருமுகிறது கேட்குது என்றார்.