ஐரோப்பாவுக்கு முதல் பயணம்: எந்த ஊரை விடலாம்?

வைகைக்கரை:
அடுத்த மே மாதம் நானும் மனைவியும் ஐரோப்பா போகிறோம். ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், இண்டர்லாகன், வியன்னா, வெனிஸ், ரோம் என்று எழுதி வைத்திருக்கிறோம். கையில் இருப்பது பன்னிரண்டு நாள். ரயிலில் போகத்தான் ஆசை. பாதி நேரம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும் என்கிறார் மனைவி. எதை விடலாம்? போய்வந்தவர்கள் மனதில் எது நின்றது என்றும் சொல்லுங்கள். இருவரும் சைவம்.

கணவாய்க்காற்று:
உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஊர் மாறும்போதெல்லாம் அரை நாள் காலி. பாரிஸ் பக்கம் அல்லது வியன்னா, வெனிஸ் பக்கம், ஏதாவது ஒன்றை எடுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) கேட்க வேண்டும். அதனால் முதலில் இதை முடிவு செய்யுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

தண்டவாளம்:
நானும் வியன்னா பக்கம்தான் சொல்வேன். ஆனால் அங்கிருந்து வெனிஸுக்கு நேராகப் போகாதீர்கள், ஸ்லோவேனியா வழியாகப் போங்கள். ரயில்வேயில் பாலங்கள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மனதில் நின்றது அந்தப் பாதைதான்.

வியன்னாவிலிருந்து ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானா போகும் வழியில் செம்மரிங் மலைப்பாதை வரும். 1854-இல் முடித்தது. டைனமைட் வருவதற்கு முன்பே அத்தனை சுரங்கங்களையும் குடைந்திருக்கிறார்கள். லுப்லியானாவில் தங்கிவிட்டு, யெசெனிட்சே போய், இத்தாலி எல்லையில் இருக்கும் நோவா கோரிட்சா போகும் சின்ன ரயிலில் ஏறுங்கள். 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் ஒன்றைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் சோச்சா ஆறு கூடவே வரும். அப்படி ஒரு பச்சைத் தண்ணீரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முடிவில் சோல்கான் பாலம். 85 மீட்டரை ஒரே கல் வளைவு தாண்டுகிறது. ரயில் பாலங்களில் இதைவிடப் பெரிய கல் வளைவு உலகத்திலேயே இல்லை. 1916-இல் முதல் உலகப் போரில் தகர்த்துவிட்டார்கள், அப்புறம் அந்த இடம் இத்தாலியிடம் போனதும் இத்தாலியர்கள் மறுபடியும் கல்லிலேயே கட்டினார்கள். இரும்பில் கட்டியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். கல்லிலேயே கட்டினார்களே என்று எனக்கு இன்றைக்கும் சந்தோஷம். ரயிலுக்குள்ளிருந்து வளைவு தெரியாது. இறங்கி ஆற்றங்கரைக்குப் போய்க் கீழிருந்து பாருங்கள்.

நோவா கோரிட்சா நிலையத்துக்கு வெளியே ஒரு சதுக்கம். பாதி ஸ்லோவேனியா, பாதி இத்தாலி. 1947-இல் எல்லை பிரித்தபோது கோரிட்சியா என்ற பழைய ஊர் இத்தாலிக்கும், இந்த ரயில் நிலையம் யூகோஸ்லாவியாவுக்கும் (ஸ்லோவேனியா அப்போது அதில் ஒரு பகுதி) போனது. பக்கத்தில் மீரென் என்ற ஊரில் எல்லை கல்லறைத் தோட்டத்தின் நடுவிலேயே போய், 1975 வரை அப்படியே இருந்திருக்கிறது. சதுக்கத்தில் இருந்த வேலியை 2004-இல் எடுத்தார்கள். இப்போது தரையில் ஒரு வட்டத் தகடுதான் எல்லை. அங்கே பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், தன் அக்கா எதிர்ப்பக்கம் குடியிருந்ததாகவும், சோதனைச்சாவடி வழியாகச் சுற்றித்தான் அவர் வீட்டுக்குப் போக முடிந்தது என்றும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். ஐரோப்பாவில் எத்தனையோ அரண்மனைகள் பார்த்தேன், எதுவும் என்னை இவ்வளவு அசைக்கவில்லை. அதனால் ரோமை அடுத்த முறைக்கு வையுங்கள். இத்தாலி 2023-இல் இந்த எல்லையில் மறுபடி சோதனை தொடங்கியது, எனவே பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

கீரைக்கட்டு:
சாப்பாட்டுக்கு ஒன்று. அந்தப் பக்கம் யோட்டா என்று பீன்ஸும் புளித்த முட்டைக்கோஸும் போட்ட சூப் கிடைக்கும். பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், கேட்காமல் வாங்காதீர்கள். ஃப்ரிக்கோ கேளுங்கள், உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்து மொறுமொறுவென்று வார்ப்பது. அதிலும் சில இடங்களில் இறைச்சி சேர்ப்பதுண்டு, சொல்லி வாங்குங்கள்.

வைகைக்கரை:
தண்டவாளம் சார், மனைவியிடம் படித்துக் காட்டினேன். ரோமும் பாரிஸும் பட்டியலிலிருந்து போயாச்சு. அவருக்கு முழங்கால் வலி உண்டு. அந்த நிலையத்திலிருந்து வெனிஸ் ரயிலுக்கு எப்படிப் போவது?

தண்டவாளம்:
இத்தாலிப் பக்க நிலையம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. நடந்தால் அரை மணிக்கு மேல் ஆகும், டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வெனிஸுக்கு நேர் ரயில் இருக்கிறது, ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.