ஒரே மலை சைக்கிளுக்கு இரண்டு வீல்செட் வைத்துக்கொள்வது சரிவருமா?

அவிநாசிசாலை_மிதிப்பவன்:

வணக்கம். என்னிடம் 29 அங்குல ஹார்ட்டெயில் (முன்னே மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள்) ஒன்று இருக்கிறது. வார நாட்களில் கோவை அவிநாசி சாலை வழியாக அலுவலகத்துக்கும், வாரக் கடைசியில் கோத்தகிரிப் பக்கத்து மண்பாதைகளுக்கும் அதையே ஓட்டுகிறேன். மண்ணில் நன்றாகப் பிடிக்கும் 2.4 அங்குல டயர் தாரில் இரைந்துகொண்டு இழுக்கிறது; நடுவரிசை ரப்பர் பட்டன்களும் வேகமாகத் தேய்கின்றன. வாராவாரம் டயரை மாற்றலாம் என்றால், டியூப்லெஸ் என்பதால் உள்ளே ஊற்றிய சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) வழிந்து கையெல்லாம் பிசுபிசுக்கிறது. சாலைக்கென்று 40 மி.மீ. வழவழப்பான டயர் போட்ட இன்னொரு வீல்செட் (முன், பின் இரு சக்கரங்களும்) இருந்தால், வெள்ளிக்கிழமை இரவு இரண்டு ஆக்சிலைக் கழற்றி மாட்டுவதோடு வேலை முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. பூஸ்ட் அளவு ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), ஷிமானோ 12 ஸ்பீடு, 10-51 கேசட் (10 முதல் 51 பல் வரையிலான பின் பற்சக்கரத் தொகுதி), ஆறு போல்ட் ரோட்டார் (டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகடு). இது உண்மையிலேயே அவ்வளவு எளிதா? அல்லது அந்தப் பணத்தில் சாலைக்கென்று பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிவிடலாமா?

ஸ்போக்_சாவி:

எளிதுதான் நண்பரே, ஆனால் வீலின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும். இரண்டாவது செட்டுக்கும் தனியாக இரண்டு ரோட்டார், ஒரு கேசட், டயர்கள், வால்வு, ரிம் டேப் எல்லாம் வேண்டும். ரோட்டாரையும் கேசட்டையும் வாராவாரம் ஒரு வீலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருப்பதாக இருந்தால் டயரை மாற்றுவதே மேல்.

பூஸ்ட் என்றால் முன்னே 110, பின்னே 148 மி.மீ. அகலம், ஆக்சிலின் தடிமன் முன்னே 15, பின்னே 12. அதோடு, 10-51 கேசட் மைக்ரோ ஸ்ப்லைன் வகை ஃப்ரீஹப்பில்தான் (ஹப்பில் கேசட் மாட்டும் பகுதி) ஏறும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய எச்.ஜி. வகை ஃப்ரீஹப் உள்ள வீலை வாங்கிவிடாதீர்கள். 10 பல் சக்கரத்துக்கு அதில் இடமில்லை.

உண்மையான தலைவலி ரோட்டாரில்தான் இருக்கிறது. பிரேக் பேடுக்கும் ரோட்டாருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். ரோட்டார் உட்காரும் இடமோ ஹப்புக்கு ஹப் இம்மியளவு மாறும். அதனால் வீலை மாற்றியதும் ‘கிரீச்’ என்று உரசும், நீங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலிப்பரை (பேடுகளைத் தாங்கும் பிடியை)த் தளர்த்தி நடுவே நிறுத்திக்கொண்டிருப்பீர்கள். இதைத் தவிர்க்க, முடிந்தவரை இப்போதுள்ள அதே மாடல் ஹப்பில் இரண்டாவது வீலைக் கட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஆறு போல்ட் ரோட்டாருக்கென்று 0.2 மி.மீ. தடிமனில் வளையத் தகடுகள் கிடைக்கின்றன. எந்தச் செட்டில் ரோட்டார் வெளிப்பக்கமாக நிற்கிறதோ அதற்குக் காலிப்பரைச் சரிசெய்து இறுக்கிவிட்டு, மற்றச் செட்டில் ஹப்புக்கும் ரோட்டாருக்கும் நடுவே தகடு வைத்து வெளியே நகர்த்த வேண்டும். காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். ரோட்டாரின் இரு பக்கமும் தெரிகிற வெளிச்சக் கீற்று சமமாக இருந்தால் அதன் பிறகு காலிப்பரைத் தொடவே வேண்டாம்.

இரு செட்டிலும் ரோட்டாரின் விட்டமும் மாடலும் ஒன்றாக இருக்கட்டும். ஷிமானோ ரோட்டார் புதிதாக 1.8 மி.மீ. தடிமன் இருக்கும், 1.5-க்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஒன்று தேய்ந்தும் மற்றது புதிதாகவும் இருந்தால், மெல்லியதற்கு ஏற்ப முன்னே வந்துவிட்ட, பேடுகளைத் தள்ளும் பிஸ்டன்கள் தடித்ததைக் கவ்விக்கொள்ளும்.

தேயிலைச்_சரிவு:

ரோட்டாரைப் பற்றி அவர் சொன்னதில் சேர்க்க எதுவுமில்லை. நான் 40 மி.மீ. டயரைத்தான் ஆட்சேபிக்கிறேன். 29 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ.; அதில் 2.4 டயர் ஏறினால் மொத்தம் சுமார் 744, 40 மி.மீ. டயர் ஏறினால் 702. அதாவது சைக்கிள் முழுவதும் ஏறக்குறைய 21 மி.மீ. கீழே இறங்கிவிடும். வளைவில் மிதித்தபடியே சாய்ந்தால் பெடல் தரையில் இடிக்கும். நம்மூர் வேகத்தடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடுவில் வழவழப்பும் ஓரத்தில் பட்டனும் உள்ள 2.25 டயர் போட்டால் இறக்கம் 4 மி.மீ. அளவோடு நிற்கும், குழிகளையும் தாங்கும்.

செயினையும் கவனியுங்கள். வாரத்தில் ஐந்து நாள் சாலைக் கேசட்டோடு சேர்ந்து தேய்ந்து நீண்ட செயின், அதிகம் ஓடாத மலைக் கேசட்டில் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது பல்லைத் தாண்டிக் குதிக்கும். செயின் அளவி 0.5 விழுக்காடு நீட்சி காட்டியதுமே மாற்றிவிட்டால் இரண்டு கேசட்டும் நீண்ட நாள் உழைக்கும்.

ஒருசைக்கிள்_போதும்:

இருவரும் சொல்வது சரியே, ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. முன்னே பிடிப்புள்ள டயர், பின்னே பட்டன் தாழ்ந்து வேகமாக உருளும் டயர் என்று போட்டு ஒரே செட்டில் ஓட்டிவிடலாம். உருளும் தடையில் பெரும்பங்கு எடை அதிகம் தாங்கும் பின் டயருடையது, திருப்பத்தில் காப்பாற்றுவது முன் டயர். அதுவும் பிடிக்கவில்லை என்றால் சஸ்பென்ஷன் இல்லாத பழைய சைக்கிளே நல்லது, ஏனென்றால் அலுவலகப் பயணத்தின் தூசியையும் மழையையும் உங்கள் ஃபோர்க்கின் (முன் சஸ்பென்ஷனின்) சீல்கள் வீணாகத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. வீல் மாற்றினால் அது மாறப்போவதில்லை.

ஸ்போக்_சாவி:

ஃபோர்க் விஷயத்தை மறுக்க முடியாது. ஆனால் நிறுத்த இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் இரண்டாவது சைக்கிளை விட இரண்டு வீலைச் சுவரில் மாட்டுவது எளிது. வேகமும் குறையாகத் தெரியாது: 32 பல் செயின்ரிங் (முன் பற்சக்கரம்), 10 பல் பின் பற்சக்கரம், 702 மி.மீ. விட்டத்தில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலே மணிக்கு 38 கி.மீ. வருகிறது. 2.25 டயரில் இன்னும் சற்றுக் கூடும்.

அவிநாசிசாலை_மிதிப்பவன்:

மிக்க நன்றி. குடியிருப்பது இரண்டாம் மாடி என்பதால் வீல்செட் பக்கமே மனம் சாய்கிறது; டயர் 2.25 என்று மாற்றிக்கொள்கிறேன். சும்மா இருக்கும் செட்டை எப்படி வைப்பது?

தேயிலைச்_சரிவு:

தொங்கவிடுங்கள், அவ்வப்போது சுழற்றிவிடுங்கள். இல்லையென்றால் சீலன்ட் அடியில் தேங்கி உறைந்துவிடும். கோவை வெயிலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சாலைச் செட்டில் பேசாமல் டியூபே போட்டுவிடலாம். ரோட்டாரில் செயின் எண்ணெயோ விரலோ படக்கூடாது, தரையில் வைப்பதானால் ரோட்டார் மேல்பக்கம் இருக்க வேண்டும். வீல் இல்லாதபோது பிரேக் லீவரைத் தப்பித்தவறியும் அழுத்திவிடாதீர்கள். பேடுகளுக்கு நடுவே சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக் துண்டைச் செருகி வைத்தால் வீட்டில் குழந்தைகள் அழுத்தினாலும் கவலையில்லை.